மஞ்சள் அரளியைப் பிடுங்கியவர்

என் லோகா அக்காவுக்கு,

யக்காச் செடி பூத்துவிட்டது. பள்ளிக்கூட கேட்டுக்கு வலப்பக்கம் கல் அடுக்கி மண் உயர்த்தி நட்டீர்களே, அந்த மேட்டில் நிற்பதிலேயே பெரியது. வாள் மாதிரியான இலைகளுக்கு நடுவே ஒரு தண்டு எழும்பி, அது முழுக்க வெள்ளை வெள்ளையாக மணிகள் தொங்குகின்றன. காலையில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போகிறார்கள். இதை முதலில் லோகா அக்காவிடம் சொல்ல வேண்டும் என்று வேகமாக ஸ்டாஃப் ரூம் வரைக்கும் நடந்துவிட்டேன். உங்கள் நாற்காலியில் புதிதாக வந்த கணக்கு டீச்சர் உட்கார்ந்திருந்தார்.

நல்ல செய்தியை முதலில் சொல்லிவிட்டேன். மற்றது அவ்வளவு நல்ல செய்தி இல்லை. அந்த மேட்டை வைத்து இந்த வருடம் பள்ளிக்கூடமே இரண்டாகப் போகப் பார்த்தது. அதற்கு நானும் ஒரு காரணம். பாதிக் கதை உங்களுக்கே தெரியும். ஆனாலும் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும்.

ரோட்டை அகலமாக்க வந்த மெஷின் நம் கேட்டடியை வெட்டிவிட்டுப் போன பிறகு அங்கே மிஞ்சியது வெறும் கப்பிக்கல்தான். ரத்தினபுரிப் பக்கம் என்றால் வருடம் முழுக்க மழை என்று வெளியூர்க்காரர்கள் நினைக்கிறார்கள். மாசியிலும் பங்குனியிலும் தேயிலைத் தோட்டத்துப் பைப்பைத் திறந்தால் காற்றுதான் வரும் என்பது நமக்குத்தானே தெரியும்? அந்த வெயிலில் பிள்ளைகள் தாங்கள் குடிக்கக் கொண்டுவந்த போத்தல் தண்ணீரை ரோசாச் செடிக்கு ஊற்றிக்கொண்டிருந்ததை நீங்கள் ஒருநாள் பார்த்தீர்கள்.

"குடிக்கிற தண்ணிய ரோசாவுக்கு ஊத்தாதீங்க புள்ளைகளா. தண்ணி கேக்காத செடியா நாம பாப்போம்" என்றீர்கள். அடுத்த வாரம், தோட்டத்துத் துரை பங்களாவில் வெட்டி வீசிய யக்காக் குருத்துகளைச் சாக்கில் கட்டி, தோட்டத்து லொறியில் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். முள்ளுச் செடியை யாராவது பள்ளிக்கூடத்தில் வைப்பார்களா? நீங்கள் கைவேலைக் கத்தரிக்கோலை எடுத்து, ஒவ்வொரு இலையின் கூர் நுனியையும் வெட்டிவிட்டீர்கள். பிள்ளைகளின் கண் உயரத்துக்கு நிற்கிற செடி என்று சொல்லி, மாதம் தவறாமல் வெட்டினீர்கள்.

அப்புறம் உங்களுக்கு நோய் வந்தது. வார்டில் கடைசியாக நாம் பேசியதும் செடியைப் பற்றித்தான். "யக்கா மட்டும் நின்னா மொட்டையா இருக்கு சுமதி. அது வெள்ளையா பூக்கும்போது பக்கத்துல மஞ்சளா ஏதாவது நிக்கணும். மஞ்சள் அரளி வையி. அதுவும் தண்ணி கேக்காது." நான் சரி என்று தலையாட்டினேன். அதற்குப் பிறகு நீங்கள் எதையும் கேட்கவில்லை. எனக்கு மிஞ்சியது அந்த மஞ்சள் அரளி ஒன்றுதான்.

உங்கள் காரியங்கள் முடிந்த கையோடு பெல்மதுளைச் சந்திக்குப் போனேன். அங்கே செடி விற்கிற நிஸாம் நானாவை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். யக்காவுக்குத் துணையாக என்ன வைக்கலாம் என்று கேட்டதற்கு, "தண்ணி குடிக்கிற செடிய மட்டும் அதோட சேத்து வெக்க வாணாம் டீச்சர். அதுக்கு ஊத்துற தண்ணியில யக்கா அழுகிப் போகும். ஊத்தாட்டி அது காயும். ரெண்டும் வீணாகும்" என்றார். பத்துமணிப்பூ, வாடாமல்லி, கற்றாழை என்று அவர் காட்டியதில் கொஞ்சம் எடுத்தேன். மஞ்சள் அரளிக் கன்றுகளை நானே கேட்டு வாங்கினேன்.

நட்டு ஒரு வாரம் ஆகவில்லை. அரளிக் கன்றுகளைக் காணோம்.

வாட்ச்சர் சோமே அய்யா மேட்டைப் பார்த்துவிட்டு, "ஊரோ ஆவா டீச்சர்" என்று சிங்களத்தில் சொல்லி, காட்டுப்பன்றி வந்து மூக்கால் மண்ணைத் தள்ளுவது மாதிரி கையால் செய்து காட்டினார். எனக்கு அப்போதே மனதில் ஏதோ இடித்தது. பன்றி வந்தால் வாடாமல்லியை விட்டுவைக்குமா? பத்துமணிப்பூவில் ஒரு பூக்கூட நசுங்கவில்லை. அரளி நின்ற குழிகள் மூடப்பட்டு, மேலே மண் தட்டப்பட்டிருந்தது. எந்தப் பன்றி குழியை மூடிவிட்டுப் போகும்?

முதலில் சோமே அய்யாவையே சந்தேகப்பட்டேன். அவர்தான் பன்றி என்று அவசரமாகச் சொன்னவர். பிறகு நிஸாம் நானா. திரும்பத் திரும்பப் போய் வாங்க வேண்டும் என்று யாரையாவது விட்டுப் பிடுங்கச் சொல்கிறாரோ என்றுகூட நினைத்தேன். சிரிக்காதீர்கள் அக்கா. நீங்கள் போன பிறகு எனக்கு யாரைப் பார்த்தாலும் அப்படித்தான் இருந்தது. உங்கள் கப்பை யாரோ எடுத்துக் குடிக்கிறார்கள், உங்கள் அலுமாரியை யாரோ திறக்கிறார்கள், உங்களை எல்லாரும் சேர்ந்து அவசரமாக மறக்கப் பார்க்கிறார்கள் என்று ஒரே நினைப்பு.

கடைசியில் என் சந்தேகம் போய் நின்றது பள்ளிக்கூடத்துப் புது அதிபரிடம்.

சிவகுமார் சேர். யாழ்ப்பாணத்துக்காரர். நீங்கள் வார்டில் இருந்தபோதுதான் இங்கே மாற்றலாகி வந்தார். அதிகம் பேசமாட்டார். பேசினால் நமக்குப் பாதிதான் விளங்கும். பிள்ளைகளின் "நாங்க", "போறோம்" அவருக்கு விளங்குகிறதா என்பதும் தெரியாது. நான் அரளியை முதல் தடவை நட்ட அன்று வந்து நின்று கேட்டார்: "உந்தச் செடியை வேற எங்கயாவது வைக்கேலாதோ டீச்சர்?"

"லோகா டீச்சர் ஆசைப்பட்டு இங்கதான் வைக்கச் சொன்னாங்க சேர்" என்றேன். அவர் செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திரும்பி நடந்துவிட்டார். அதன் பிறகு ஒரு மாலை, அளக்கிற டேப்போடு அந்த மேட்டைச் சுற்றி வந்ததை நான் கண்டேன். கேட்டடியில் பெரிய வளைவு கட்டி யாராவது பணக்காரரின் பெயரைப் போடப்போகிறார் என்று ஸ்டாஃப் ரூமில் ஒரு பேச்சு. எனக்கு எல்லாம் சரியாகப் பொருந்தியது. லோகா அக்காவின் மேட்டை இந்த மனிதர் மெல்ல மெல்ல அழிக்கப்போகிறார்.

மறுபடியும் கன்று வாங்கி நட்டேன். மறுபடியும் அரளி மட்டும் காணாமல் போனது. மூன்றாம் முறை நட்டுவிட்டு, விடிந்ததும் வருகிற முதல் பஸ்ஸில் வந்து, தரம் இரண்டு வகுப்பறைக்குள் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். அவர் வந்தார். கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, குனிந்து, ஒவ்வொரு அரளியாகப் பிடுங்கினார். பசளைப் பையில் போட்டுக் கட்டினார். குழியை மூடினார், மண்ணைத் தட்டினார். குப்பைமேட்டில் போடாமல், பையைத் தன் குவாட்டர்ஸுக்கே கொண்டுபோனார்.

அப்போதே வெளியே வந்து ஏன் சேர் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் ஏதாவது பொய் சொல்லித் தப்பித்துக்கொள்வார், ஆட்களுக்கு முன்னால் மாட்டவைக்க வேண்டும் என்று நினைத்தேன். அன்று மாலை அவருடைய வேலியோரம் நடந்து எட்டியும் பார்த்தேன். அந்த முற்றத்தில் ஒரு பூச்செடி இல்லை. பெருக்கிய வெறும் மண். பூவே பிடிக்காத மனிதர் என்று அதையும் அவர் கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் எழுந்து சொன்னேன். கண்ணால் கண்டதைச் சொன்னேன். லோகா டீச்சர் கடைசியாகக் கேட்ட செடி என்பதையும் சொன்னேன். கூட்டம் கொதித்துவிட்டது அக்கா. உங்களிடம் படித்த கலா இருக்கிறாளே, அவளுடைய மகள் தர்ஷினி இப்போது தரம் இரண்டில் படிக்கிறாள். கலாதான் முதலில் எழும்பினாள்.

"எங்க டீச்சர் வச்ச செடிய நீங்க எதுக்கு சேர் திருட்டுத்தனமா புடுங்குனீங்க? நாங்க தோட்டத்து லயத்து ஆளுங்க, கேக்க மாட்டோம்னு நெனச்சீங்களா?"

அதிபர் எழுந்து நின்றார். "ஓம், நான்தான் பிடுங்கினனான். அந்தச் செடி இஞ்ச வேண்டாம்" என்றார். ஏன் என்று நாலு பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள். வாயைத் திறந்தார், மூடினார், உட்கார்ந்துவிட்டார். "நம்மள மதிக்காத ஆளு" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வலயக் கல்விக் காரியாலயத்துக்கு எழுதிப் போடுவோம், மாற்றல் கொடுக்கச் சொல்லுவோம் என்று பேச்சு எழுந்தது. நான் வெற்றி பெற்ற மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மறுநாளே திரும்பவும் நிஸாம் நானாவிடம் போனேன். இந்தத் தடவை கன்று வேண்டாம், யாராலும் லேசில் பிடுங்க முடியாத மாதிரி பெரிய மரமாக வேண்டும் என்றேன். பெரிய சட்டியில் நின்ற ஒன்றைக் காட்டினார். பூவும் இருந்தது, பச்சைப் பச்சையாகக் காயும் இருந்தது.

"காய் புடிச்ச மரம் டீச்சர். பள்ளிக்கொடத்துக்கா?" என்று இழுத்தார்.

வேறு யாருக்கோ சொல்லி வைத்திருக்கிறார், எனக்குத் தரப் பின்வாங்குகிறார் என்று நினைத்தேன். "தாங்க நானா, நான் பாத்துக்கிறேன்" என்று ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். அரளி விஷம் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். தெரியாதவர் யார்? ஆனால் கோவில் வாசலில் நிற்கிறது, ரோட்டோரத்தில் நிற்கிறது, அதை யார் தின்னப்போகிறார்கள் என்றுதான் எல்லாரையும் போல நானும் இருந்தேன். கலாவும் இன்னும் சில பெற்றோரும் மண்வெட்டியோடு வந்து குழி வெட்டித் தந்தார்கள். அதிபர் தன் அறை வாசலில் நின்று பார்த்தார். அத்தனை பேர் முன்னால் அவர் என்ன செய்வார்?

அதற்குப் பிறகு நடந்ததை எழுதக் கை வரவில்லை. ஆனால் உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வது?

இடைவேளை நேரம். பெண் பிள்ளைகள் மேட்டடியில் கடை விளையாடிக்கொண்டிருந்தார்கள். இலையைத் தட்டாக விரித்து, அதில் மண் சோறு, பூ, பக்கத்தில் பச்சைக் காய்கள். நான் பார்த்தேன் அக்கா. அந்தக் காய்களை நான் என் கண்ணால் பார்த்தேன். பிள்ளைகள் அழகாக விளையாடுகிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

அதிபரின் அறைக் கதவு படீரென்று திறந்தது. அந்த மனிதர் ஓடி நான் பார்த்ததில்லை. படிகளைத் தாண்டிக் குதித்து ஓடிவந்து, தர்ஷினியின் கையை ஓங்கித் தட்டினார். காய் உருண்டது. அவளைப் பிடித்து மடியில் சாய்த்து, வாய்க்குள் விரலை விட்டார். பிள்ளை வீரிட்டு அழுதது. மற்றப் பிள்ளைகளும் அழுதார்கள். கூட்டத்தில் பட்ட அவமானத்துக்குக் கலாவின் பிள்ளையை அடிக்கிறார் என்றே அந்த நொடியிலும் நினைத்தேன். "விடுங்க சேர், புள்ளைய விடுங்க!" என்று கத்திக்கொண்டு அவர் தோளைப் பிடித்து இழுத்தேன்.

அவர் திரும்பவில்லை. பிள்ளையின் முகத்தையே பார்த்துக் கேட்டார்: "விழுங்கினியோ? அம்மா, சொல்லம்மா, விழுங்கினியோ?"

கடித்த அடையாளத்தோடு ஒரு காய் இலையில் கிடந்தது. யார் கடித்தது என்று கேட்டால் ஒவ்வொரு பிள்ளையும் அடுத்த பிள்ளையைக் காட்டியது. அப்போதுதான் அவர் தோளிலிருந்து என் கையை எடுத்தேன்.

சோமே அய்யா ஓடிப்போய் ரோட்டில் ஆட்டோக்களை மறித்தார். விளையாடிய பிள்ளைகள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழி முழுக்க அதிபர் தர்ஷினியை மடியில் வைத்துக்கொண்டு, அவளுடைய கை நாடியைப் பிடித்தபடியே இருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய உதடு அசைவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு பிள்ளையும் விழுங்கவில்லை அக்கா. கடித்தது தர்ஷினிதான். கசந்ததும் துப்பியிருக்கிறாள். இருந்தாலும் அன்றிரவு வைத்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். பிள்ளையின் நெஞ்சில் வயர்களை ஒட்டி, பக்கத்திலிருந்த பெட்டியில் கோடு ஓடவிட்டார்கள்.

வார்டுக்கு வெளியே பெஞ்சில் இருந்தபோதுதான் அவர் பேசினார். நான் கேட்கவில்லை. அவராகவே தொடங்கினார்.

"நாங்கள் இடம்பெயர்ந்து ஒரு வீட்டு வளவுக்குள்ள இருந்தனாங்கள். வேலி முழுக்க அலரி, நீங்கள் அரளி எண்டுறது. என்ர தங்கச்சி பக்கத்து வீட்டுப் பிள்ளையளோட சோறு கறி விளையாடினவ. நான் தின்னவேண்டிய பங்கு எண்டு எனக்கும் இலையில வச்சுக் கொண்டுவந்து தந்தவ. நான் படிக்கிறன் போ எண்டு கலைச்சுவிட்டன். அவ தன்ர பங்கைத் திண்டிட்டா. பெரியாஸ்பத்திரிக்குப் போக அண்டைக்குப் பாதை இல்லை டீச்சர்."

"இத நீங்க கூட்டத்துல சொல்லியிருக்கலாமே சேர்" என்றேன்.

"நஞ்செண்டு சொன்னால் எல்லாருக்கும் தெரியும்தானே எண்டுவியள். அதுக்கு மேல சொல்ல எனக்கு வாய் வராது. பேசாமப் பிடுங்கினால் அலுத்துப்போய் விட்டிடுவியள் எண்டு நினைச்சன்." பிறகு இதையும் சொன்னார்: "செத்துப்போன டீச்சர் கேட்ட செடியை வேண்டாமெண்டு உங்கட முகத்தைப் பார்த்துச் சொல்லவும் முடியேல்லை."

அப்போதுதான் கலா வந்தாள். கொழுந்து பறித்த கோலத்திலேயே, தலையில் கட்டிய துணியோடு ஓடி வந்திருந்தாள். பிள்ளையைப் பார்த்துவிட்டு வெளியே வந்து, நேராக என் முன்னால் நின்றாள். நான் அதிபரைப் பார்த்த அதே பார்வை அவள் கண்ணில் இருந்தது.

"டீச்சர், அது விஷக் காய்னு ஒங்களுக்கு முன்னமே தெரியுமா? தெரிஞ்சுதான் வச்சீங்களா?"

நீங்கள்தான் வைக்கச் சொன்னீர்கள் என்று கூட்டத்தில் சொன்ன அதே வார்த்தை மறுபடியும் நாக்கு நுனி வரை வந்தது. அதை அங்கேயும் சொல்லியிருந்தால் என் மேலிருந்த பார்வை உங்கள் மேல் போயிருக்கும். நீங்கள் பதில் சொல்ல வர முடியாது. "அரளி விஷம்னு தெரியும் கலா. புள்ளைங்க எடுப்பாங்கன்னு நான் யோசிக்கல" என்றேன். அவள் என்னை அடித்திருந்தாலும் வாங்கியிருப்பேன்.

அதிபர் எழுந்து நடுவில் வந்தார். "பள்ளிக்கூடத்துக்க ஒரு செடி நிக்குதெண்டால் அதுக்குப் பொறுப்பு நான்தான் அம்மா. நான் வாய் திறந்து சொல்லியிருக்க வேணும். டீச்சரை ஒண்டும் கேளாதேங்கோ" என்றார். கலா அவரைப் பார்த்தாள். அவர் சொன்னது அவளுக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். அவர் போய் அவளுக்கு ஒரு டீ வாங்கி வந்தார்.

தர்ஷினி மறுநாள் வீட்டுக்கு வந்துவிட்டாள். மரத்தை அதிபரும் சோமே அய்யாவும் நானும் சேர்ந்து தோண்டி, அவருடைய குவாட்டர்ஸுக்குப் பின்னால் ஆழமாகப் புதைத்தோம். முன்பு பிடுங்கியதையெல்லாம் அவர் புதைத்ததும் அங்கேதான். மாடு தின்றாலும் சாகும் என்று குப்பைமேட்டில் போடப் பயந்திருக்கிறார். மாற்றல் பேச்சு அதோடு நின்றது. கலா மட்டும் இன்னும் என்னிடம் முன்போலச் சிரிப்பதில்லை. அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது மேட்டுக்கு ஒரு செடியைச் சேர்க்க வேண்டும் என்றால் நானும் அதிபரும் பெரிய விசாரணையே நடத்துகிறோம். கள்ளியா? பால் கண்ணில் பட்டால் ஆபத்து, வேண்டாம். உன்னிச் செடியா? காயைப் பார்த்தாலே பிள்ளைகள் பறிப்பார்கள், வேண்டாம். நித்தியகல்யாணி தண்ணீரே கேட்காது, வருடம் முழுக்கப் பூக்கும். அதுவும் வாயில் வைக்கக் கூடாததாம், வேண்டாம். கடைசியில் யக்காவுக்குத் துணையாக நிற்பவை வாடாமல்லியும் பத்துமணிப்பூவும், ஓரத்தில் மண்ணைப் பிடிக்க எலுமிச்சை வாசம் வீசும் சேரைப்புல்லும்தான். சேரைப்புல் இலையும் கையை அறுக்கும் என்று நான் சொன்னதற்கு, "டீச்சர், கொஞ்சம் விடுங்கோ" என்றார். அன்றுதான் அவர் சிரித்ததை முதன்முதலாகப் பார்த்தேன். டேப்போடு எதற்கு அளந்தீர்கள் என்றும் நேரடியாகக் கேட்டுவிட்டேன். மழைத்தண்ணீர் யக்கா வேரில் தேங்காமல் இருக்க வாய்க்கால் வெட்டவாம். இப்போது வெட்டியும் ஆகிவிட்டது.

நான் திருந்திவிட்டேன் என்று நினைத்துவிடாதீர்கள். உங்கள் கப்பை எடுத்தவர் யார் என்று இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்று மட்டும் உங்களிடமே கேட்கத் தோன்றுகிறது. வார்டில் அன்று அரளி என்று சொன்னபோது, அந்தக் காயை நீங்கள் யோசிக்கவே இல்லையா? இலை நுனியைக்கூட விட்டுவைக்காத நீங்களா? வலியில் இருந்தீர்களோ? மருந்து மயக்கமோ? நான்தான் வேறு எதையோ அரளி என்று காதில் வாங்கிக்கொண்டேனோ? எது என்று எனக்கு இனித் தெரியப்போவதில்லை.

அதனால் ஒரு வாக்குத் தருகிறேன் அக்கா, கோபித்துக்கொள்ளக் கூடாது. இனி நீங்கள் சொன்னது என்பதற்காக மட்டும் எதையும் அந்த மேட்டில் வைக்க மாட்டேன். உங்கள் பேச்சையும் ஒரு தடவை நிறுத்தி வைத்து, பிள்ளைகளின் கைக்கும் வாய்க்கும் அது சரிதானா என்று பார்ப்பேன். நீங்கள் உயிரோடு இருந்து நான் அப்படிக் கேட்டிருந்தால், "கேளு சுமதி, நல்லாக் கேளு" என்றுதான் சொல்லியிருப்பீர்கள். அந்த ஒன்றில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எதிர்த்துப் பேசினாலும் உங்களை விட்டுக்கொடுக்காத தங்கச்சி,
சுமதி